தனி வெர்ஷன் வேண்டாம், இருக்கிற ஆப்பையே எல்லாரும் யூஸ் பண்ற மாதிரி கட்டுங்க

கேள்வியை சுருக்கமா ஒருதடவை சொல்லிட்டு ஆரம்பிக்கறேன், புதுசா படிக்கறவங்களுக்கு உதவும். சின்ன டீம், மளிகை சாமான் ஆர்டர் பண்ற ஆப் பண்றாங்க, தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் இருக்கும், கண்ணு தெரியாதவங்க, வயசானவங்க எல்லாரும் யூஸ் பண்ணணும்னு நினைக்கறாங்க. அதுக்கு தனியா ஒரு சிம்பிள் வெர்ஷன் போடலாமா, இல்ல ஆப் முடிஞ்சதுக்கு அப்புறம் ஒரு ஃபீச்சரா சேர்த்துக்கலாமா, எங்க ஆரம்பிக்கறது, செலவு எவ்வளவு இழுக்கும்னு கேட்டிருக்காங்க.

தனி வெர்ஷன் வேண்டவே வேண்டாம். ஆரம்பத்துல நல்லாத்தான் இருக்கும், அப்புறம் மெயின் ஆப்ல புது ஆஃபர் வரும், புது பேமெண்ட் முறை வரும், தனி வெர்ஷன்ல "அடுத்த ரிலீஸ்ல பாத்துக்கலாம்"னு தள்ளிப்போடுவீங்க, ஒரு வருஷத்துல அது பாதி செத்துப்போன ஆப்பா கிடக்கும். இன்னொண்ணு, யார் அந்த வெர்ஷனுக்கு போவாங்க? அறுபது வயசுல காட்ராக்ட் ஆரம்பிச்சு எழுத்து மங்கலா தெரியுற ஒருத்தர் தன்னை மாற்றுத்திறனாளின்னு நினைக்கவே மாட்டார், "இந்த ஆப் சரியில்ல"ன்னு மட்டும்தான் நினைச்சுட்டு தெருமுனை கடைக்கு போயிடுவார். அவரை தனி பட்டன் போட்டு தனி கதவு வழியா வரச்சொன்னா வரமாட்டார். நாற்பது வயசு தாண்டின கிட்டத்தட்ட எல்லாருக்குமே பக்கத்துல இருக்கற எழுத்து மங்கலா தெரிய ஆரம்பிக்குது, அப்ப "சாதாரண" ஆள், "ஸ்பெஷல்" ஆள்னு கோடு எங்க போடுவீங்க?

சரி, ஆரம்பிக்க வேண்டிய இடம் இது. உங்க ஸ்க்ரீன்ல கண்ணுக்கு தெரியுறது வேற, அந்த ஸ்க்ரீனைப் பத்தி ஃபோனுக்கு தெரிஞ்சது வேற. டிசைனர் ஃபிக்மா-ங்கற டிசைன் சாஃப்ட்வேர்ல வரையறது முதலாவதை. ஸ்க்ரீன் ரீடர், அதாவது ஸ்க்ரீன்ல இருக்கறதை பார்வையில்லாதவங்களுக்கு குரல்ல சொல்ற சாஃப்ட்வேர், படிச்சு சொல்றது ரெண்டாவதை. இந்த ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளி இருக்கோ அவ்வளவுதான் உங்க ஆப்போட பிரச்சினை, மத்ததெல்லாம் இதுக்கு அப்புறம்தான்.

ஐஃபோன்ல வாய்ஸ்ஓவர்-ங்கற ஸ்க்ரீன் ரீடர் 2009ல 3ஜிஎஸ் மாடல்ல வந்துச்சு, அதே வருஷம் ஆண்ட்ராய்டுக்கு டாக்பேக் வந்துச்சு. அதாவது மேடு பள்ளம் எதுவும் இல்லாத வழவழ கண்ணாடியை பார்வையில்லாதவங்க பதினஞ்சு வருஷத்துக்கு மேலயே நல்லா யூஸ் பண்ணிட்டுதான் இருக்காங்க, அவங்களுக்கு டெக்னாலஜி தெரியாதுன்னு நினைச்சா அது நம்ம அறியாமை. வலது பக்கம் ஸ்வைப் பண்ணா அடுத்த ஐட்டத்துக்கு போகும், அது என்னன்னு குரல்ல சொல்லும், டபுள் டேப் பண்ணா அதை அழுத்தின மாதிரி. பழகினவங்க ஓடவிடற வேகத்துல நமக்கு ஒரு வார்த்தை கூட பிடிபடாது.

இப்ப உங்க ஆப்ல தக்காளி கார்டை (ஒரு பொருளோட படம், விலை, பட்டன் எல்லாம் இருக்கற பெட்டி) எடுத்துக்குவோம். கண்ணுக்கு ஒரு தக்காளி படம், கீழ "1 கிலோ", "₹40", வலது ஓரத்துல பச்சை கலர்ல ஒரு பிளஸ். பாத்ததுமே புரியும். எந்த கவனமும் எடுக்காம கட்டின ஆப்ல டாக்பேக் இதை எப்படி படிக்கும் தெரியுமா? "படம்." ஸ்வைப். "ஒரு கிலோ." ஸ்வைப். "நாற்பது ரூபாய்." ஸ்வைப். "லேபிள் இல்லாத பட்டன்." எந்த ஒரு கிலோ, எதுக்கு நாற்பது ரூபாய், அந்த பட்டன் சேர்க்குமா எடுக்குமா, ஒண்ணும் தெரியாது. ஒரு பக்கத்துல இருபது காய்கறி இருந்தா இருபது "லேபிள் இல்லாத பட்டன்". ஒவ்வொண்ணுக்கும் நாலு ஸ்வைப்.

அதே கார்டை ஒழுங்கா கட்டினா ரெண்டே ஸ்வைப்: "தக்காளி, ஒரு கிலோ, நாற்பது ரூபாய்." அடுத்து "தக்காளியை கார்ட்ல சேர், பட்டன்." (இந்த கார்ட்ங்கறது வாங்கப்போற சாமான் சேர்ற கூடை.) அவ்வளவுதான். ஸ்க்ரீன்ல ஒரு பிக்ஸல் கூட மாறலை. ஃபோனுக்கு நீங்க மூணு விஷயம் சொல்லணும், இதோட பேர் என்ன, இது என்ன வகை (பட்டனா, செக்பாக்ஸா, தலைப்பா), இப்ப எந்த நிலையில இருக்கு (தேர்ந்தெடுத்திருக்கா, ஆஃப்ல இருக்கா). ஆண்ட்ராய்டுல கன்டென்ட் டிஸ்கிரிப்ஷன், ஆப் கட்டற டூல்களான ஃப்ளட்டர்ல செமான்டிக்ஸ் விட்ஜெட், ரியாக்ட் நேட்டிவ்ல ஆக்சஸிபிலிட்டி லேபிள், வெப்ல உண்மையான பட்டன் டேக்கும் படத்துக்கு ஆல்ட் டெக்ஸ்ட்டும் (படத்துல என்ன இருக்குன்னு சொல்ற எழுத்து), எல்லா இடத்துலயும் வசதி இருக்கு. வெப்ல வெறும் பெட்டியான டிவ் டேக் போட்டு அதுக்கு ஒரு கிளிக் ஹேண்ட்லர் மாட்டி பட்டன் மாதிரி கலர் அடிக்கறது இருக்கே, அந்த பழக்கத்தை மட்டும் விட்டாலே பாதி சிக்கல் போயிடும், ஏன்னா அதை கீபோர்டுல டேப் கீயை அடிச்சு தொடவே முடியாது, ஸ்க்ரீன் ரீடரும் அதை பட்டன்னு சொல்லாது.

இதுக்கு மேல ஒரு நுணுக்கம் இருக்கு, பல பேர் கோட்டை விடற இடம். பிளஸ்ஸை அழுத்தினதும் அந்த இடத்துல "− 1 +"னு மாறும் இல்லையா, அப்ப பழைய பட்டன் அழிஞ்சு புதுசு வருது. ஸ்க்ரீன் ரீடரோட ஃபோகஸ் (அது இப்ப நிக்கற இடம்) அந்த பழைய பட்டன் மேல இருந்துச்சு, அது இல்லாம போனதும் ஃபோகஸ் எங்கயோ பக்கத்தோட உச்சிக்கு தாவிடும். பதினஞ்சாவது ஐட்டம் வரைக்கும் பொறுமையா வந்தவர் மறுபடி முதல்லேர்ந்து வரணும். அதுவும் சாமான் சேர்ந்துச்சா இல்லையான்னே ஆப் சொல்லலை, கீழ ஓரத்துல "1 ஐட்டம்"னு ஒரு பட்டை வந்துச்சு, ஆனா அது கண்ணுக்கு மட்டும்தான் வந்துச்சு. மாறின உடனே ஃபோகஸை புது பட்டன்ல நிறுத்துங்க, "தக்காளி சேர்ந்தாச்சு, கார்ட்ல ஒரு பொருள்"னு குரல்ல அறிவிக்க சொல்லுங்க. வெப்ல இதுக்கு லைவ் ரீஜன்னு பேர். சின்ன வேலை, ஆனா இதை செஞ்ச ஆப்பையும் செய்யாத ஆப்பையும் பக்கத்துல வெச்சு யூஸ் பண்ணி பாத்தா வித்தியாசம் உடனே தெரியும்.

தமிழ் விஷயத்துக்கு வரேன். உங்க வெப்சைட் தமிழ்ல இருந்தா பக்கத்தோட மொழி தமிழ்னு ஹெச்டிஎம்எல்-ல இருக்கற லாங் ஆட்ரிப்யூட்ல குறிக்கணும், அதை வெச்சுதான் ஸ்க்ரீன் ரீடர் தமிழ் குரலுக்கு மாறும். குறிக்கலைன்னா இங்கிலீஷ் குரல் தமிழ் எழுத்தை தாண்டி போயிடலாம், இல்ல தப்பும் தவறுமா உளறலாம். கம்ப்யூட்டர்ல என்விடிஏ-ன்னு ஒரு ஸ்க்ரீன் ரீடர் இருக்கு, ஆஸ்திரேலியாவுல மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே-ன்னு பார்வையில்லாத ரெண்டு பேர் ஆரம்பிச்சது, 2006லேர்ந்து இலவசமாவே கிடைக்குது, அதோட வர்ற ஈஸ்பீக் குரல்ல தமிழும் இருக்கு. குரல் கொஞ்சம் மிஷின் மாதிரிதான் இருக்கும், ஆனா நீங்க டெஸ்ட் பண்ண காசு செலவு பண்ண வேண்டியதில்ல.

அப்புறம் ஃபான்ட். இன்னைக்கும் பில், நோட்டீஸ், பிடிஎஃப் எல்லாம் பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல அடிக்கறவங்க இருக்காங்க. அதுல கண்ணுக்குத்தான் தமிழ், உள்ள இருக்கறது இங்கிலீஷ் எழுத்து. "அம்மா"ன்னு பாமினில அடிச்சா ஸ்க்ரீன் ரீடர் அதை "எம் கே செமிகோலன் கே ஹெச்"னுதான் படிக்கும். ஒரு வரி இப்படி கேட்டா எவ்வளவு நேரம் பொறுப்பீங்க? நான் முன்னாடி சொன்ன இடைவெளி இதை விட பச்சையா வேற எங்கயும் தெரியாது. எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடை தமிழ்நாடு அரசே 2010ல ஏத்துக்கிட்டாச்சு, அதனால உங்க இன்வாய்ஸ் பிடிஎஃப் வரைக்கும் யூனிகோட்ல இருக்கணும், ஸ்கேன் பண்ண படமா இருக்கக்கூடாது.

இன்னொரு தமிழ் சிக்கல் இடம். இங்கிலீஷ்ல "ஆட்"னு மூணு எழுத்துக்கு அளவெடுத்து வரைஞ்ச பட்டன்ல தமிழ் வார்த்தை வந்ததும் பாதி வெட்டுப்படும், மூணு புள்ளி வந்து நிக்கும். மேல புள்ளி, கொக்கி, கீழ "கு", "ஞு" மாதிரி இறங்கற எழுத்து, இதுக்கெல்லாம் வரி உயரம் கூடுதலா வேணும். பட்டனுக்கு உயரத்தை இத்தனைன்னு கட்டிப்போடாதீங்க, எழுத்து வளர்ந்தா பெட்டியும் வளரட்டும். ஃபோன்ல ஃபான்ட் சைஸை முழுசா ஏத்தி வெச்சு உங்க ஆப்பை திறந்து பாருங்க, ஆண்ட்ராய்டு 14லேர்ந்து 200% வரைக்கும் ஏத்தலாம், எங்கெங்க எழுத்து மேல எழுத்து ஏறுதோ அங்கெல்லாம் ஒரு வயசானவர் உங்க ஆப்பை மூடிட்டு போயிருக்கார்னு அர்த்தம்.

கலர் கான்ட்ராஸ்ட் பத்தி நிறைய பேர் எழுதியாச்சு, அதனால சுருக்கமா. வெப்சைட்டை எல்லாரும் யூஸ் பண்ற மாதிரி கட்டறதுக்கு டபிள்யூசிஏஜி-ன்னு சர்வதேச விதிமுறை இருக்கு, அதோட சமீபத்திய 2.2 பதிப்பு அக்டோபர் 2023ல வந்துச்சு. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைஞ்சது 4.5:1 வெளிச்ச வித்தியாசம் வேணும்னு அது சொல்லுது, பெரிய எழுத்துக்கு 3:1 போதும். வெள்ளை பின்னணில #777777 சாம்பல் போட்டா 4.48, ஃபெயில். #767676 போட்டா 4.54, பாஸ். டிசைனர்களுக்கு ரொம்ப பிடிச்ச #999999 வெறும் 2.85தான் வரும், வெயில்ல நின்னு ஃபோனை பாக்கற டெலிவரி ஆளுக்கே அது தெரியாது. அதே மாதிரி "சிவப்பு பெட்டி இருந்தா தப்பு"ன்னு கலரை மட்டும் நம்பாதீங்க, "பின்கோடு ஆறு இலக்கம் இருக்கணும்"னு எழுத்துலயும் சொல்லுங்க. பெட்டிக்குள்ள மங்கலா "பேர்", "முகவரி"ன்னு எழுதி வெச்சுட்டு டைப் பண்ண ஆரம்பிச்சதும் அது மறையற ஸ்டைல் எனக்கு சுத்தமா ஆகாது, பாதி ஃபார்ம் நிரப்பிட்டு நிமிர்ந்து பாத்தா எந்த பெட்டி எதுக்குன்னு நல்லா கண்ணு தெரியுறவங்களுக்கே மறந்துபோகும்.

கை நடுக்கம் இருக்கறவங்களுக்கு பட்டன் பெரிசா இருக்கணும். ஆண்ட்ராய்டு சொல்றது 48 டிபி, கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர். ஐகான் சின்னதா இருக்கலாம், அதை சுத்தி தொடற இடம் அந்த அளவு இருக்கணும். இதை விட முக்கியம் என்னன்னா, ஆப்ல எந்த வேலையும் ஸ்வைப்புக்குள்ளயோ லாங் பிரஸ்ஸுக்குள்ளயோ மட்டும் ஒளிஞ்சிருக்கக்கூடாது. இடது பக்கம் இழுத்தா டிலீட்னு வெச்சிருந்தா பக்கத்துலயே ஒரு டிலீட் பட்டனும் இருக்கட்டும். பணம் கட்ட "வலது பக்கம் இழுக்கவும்"னு ஸ்லைடர் வெக்கறாங்க, விரல் ஆடற ஒருத்தருக்கு அது பாதில விட்டு விட்டு திரும்ப வந்துரும், அந்த அவமானத்தை அவங்க வெளில சொல்லக்கூட மாட்டாங்க, பேரனை கூப்பிட்டு ஃபோனை குடுத்துடுவாங்க. இழுத்து செய்யற எதுக்கும் தொட்டு செய்யற வழி ஒண்ணு இருக்கணும்னு 2.2 பதிப்புல தனி விதியே சேர்த்திருக்காங்க. தப்பா ஏதாவது நீக்கிட்டா "திரும்ப கொண்டுவா"ன்னு ஒரு வழி வெச்சிடுங்க, பயந்து பயந்து தொடறவங்களுக்கு தைரியம் அதுலதான் வரும்.

அடுத்தது ஓடிபி. என்னைப் பொறுத்தவரை இந்தியாவுல ஆப் டிசைன்ல ரொம்ப பேரை வாசல்லயே நிறுத்தறது இதுதான். அழகுக்காக ஆறு தனித்தனி பெட்டி வெக்கறாங்க. ஸ்க்ரீன் ரீடர்ல அது "எடிட் பாக்ஸ்", "எடிட் பாக்ஸ்"னு ஆறு தடவை கேட்கும், எது எத்தனாவதுன்னு தெரியாது, ஒரு எண் போட்டதும் ஃபோகஸ் தானா தாவும், மெசேஜ்லேர்ந்து காப்பி பண்ணி ஒட்டினா முதல் பெட்டில ஒரே ஒரு எண் மட்டும் விழும். இது நடக்கறதுக்குள்ள முப்பது செகண்ட் டைமர் முடிஞ்சு மறுபடி அனுப்பணும். மாத்தறது ரொம்ப சுலபம், ஒரே பெட்டி, ஒட்ட விடுங்க, மெசேஜ்லேர்ந்து தானா நிரப்பற வசதியை ஆன் பண்ணுங்க, நேரம் முடியறதுக்கு முன்னாடி சொல்லிட்டு நீட்டிக்க ஒரு பட்டன் குடுங்க. நேரக்கட்டுப்பாடு இருந்தா முடியறதுக்கு முன்னாடி எச்சரிச்சு, நீட்டிக்க குறைஞ்சது 20 செகண்ட் குடுக்கறதை ஒரு வழியா டபிள்யூசிஏஜி சொல்லுது, பாதுகாப்புக்காக நீட்டிக்க முடியாத இடத்துல குறைஞ்சபட்சம் நிரப்பின முகவரியும் கார்ட்டும் அழியாம இருக்கட்டும். கோணல்மாணல் எழுத்து காட்டற கேப்சாவை கையாலயும் தொடாதீங்க, புதிர் போட்டு ஞாபகசக்தியை சோதிச்சு உள்ள விடறது கூடாது, மாற்று வழி இருக்கணும்னும் 2.2ல இருக்கு.

இது வசதி சம்பந்தப்பட்டது மட்டும் இல்ல. ஆசிட் வீச்சுல பாதிக்கப்பட்ட பிரக்யா பிரசூன் முதலானவங்களும், பார்வையில்லாத அமர் ஜெயினும் போட்ட வழக்குகள்ல 30 ஏப்ரல் 2025ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொல்லுச்சு. பேங்க் கணக்கு, சிம் கார்டு வாங்க டிஜிட்டல் கேஒய்சி-ல "கேமராவைப் பாத்து கண் சிமிட்டுங்க"ன்னு கேட்கறாங்க, முகமும் கண்ணும் சிதைஞ்சவங்க எப்படி சிமிட்டுவாங்க? டிஜிட்டல் வசதிகளை அணுகறது அரசியலமைப்போட 21வது பிரிவுல இருக்கற வாழ்வுரிமையோட பகுதின்னு சொல்லி கோர்ட் 20 உத்தரவு போட்டுச்சு. கண் சிமிட்டச் சொல்லி எழுதினவர் கெட்ட எண்ணத்துல எழுதலை, அப்படி முடியாத ஒருத்தர் வருவார்னு யோசிக்கலை, அவ்வளவுதான். அதனாலதான் நான் ஒவ்வொரு ஸ்க்ரீனுக்கும் ஒரு கேள்வி கேட்கச் சொல்வேன்: இந்த இடத்துல கண்ணு, காது, விரல், ஞாபகம், இதுல ஒண்ணை மட்டுமே நம்பி இருக்கோமா? அப்படின்னா இன்னொரு வழி போடணும்.

மளிகை ஆப்ல காது விஷயம் எங்க வரும்னு நினைப்பீங்க. டெலிவரி பண்றவர் கீழ வந்து நின்னு ஃபோன் பண்ணுவார், காது கேட்காதவங்க எடுக்க முடியாது, "கஸ்டமர் எடுக்கலை"ன்னு கேன்சல் ஆகிடும். "கால் பண்ணாதீங்க, மெசேஜ் பண்ணுங்க"ன்னு ஒரு செட்டிங் வையுங்க, டெலிவரி ஆப் பக்கம் கால் பட்டனுக்கு பதிலா "கேட்ல நிக்கறேன்", "வழி தெரியலை"ன்னு ரெடிமேட் மெசேஜ் வரட்டும். ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு தூங்கறவங்க, கைக்குழந்தை தூங்கற வீடு, எல்லாருமே அந்த செட்டிங்கை ஆன் பண்ணுவாங்க பாருங்க. கஸ்டமர் கேரும் ஃபோன் நம்பர் மட்டும்னு இருக்கக்கூடாது, சாட் வேணும்.

படிக்கத் தெரியாதவங்களையும் சேர்த்துதான் யோசிக்கணும். நம்ம ஊர் கடைகள்ல இப்ப க்யூஆர் பக்கத்துல ஒரு சவுண்ட்பாக்ஸ் இருக்கு, பணம் வந்ததும் எவ்வளவுன்னு தமிழ்லயே சத்தமா சொல்லும். பூ கட்டற அம்மா கையை எடுக்காமலே தெரிஞ்சுக்கறாங்க, கண்ணு தெரியாத கடைக்காரரும் தெரிஞ்சுக்கறார், கூட்டத்துல நாலு பேருக்கு டீ ஊத்தறவரும் தெரிஞ்சுக்கறார். அது மாற்றுத்திறனாளிகளுக்குன்னு போட்டதில்ல, வேலை நடக்கற இடத்தைப் பாத்து போட்டது. எனக்கு தெரிஞ்சு நம்ம நாட்டுல நல்ல டிசைனுக்கு சிறந்த உதாரணம் அதுதான். உங்க ஆப்ல தமிழ்ல பேசி தேடற வசதி, பொருளோட உண்மையான படம், மொத்த தொகையை குரல்ல சொல்றது, இதெல்லாம் அந்த வழில வரும்.

செலவு கேட்டீங்க. ஆரம்பத்துலேர்ந்து செஞ்சா தனியா ஒரு பட்ஜெட் போடற அளவுக்கு வராது, ஏன்னா மேல சொன்னதுல பெரும்பாலானது லேபிள் எழுதறதும் சரியான காம்பொனன்ட் எடுக்கறதும்தான். ஒரு பட்டன் காம்பொனன்ட்டை ஒருதடவை ஒழுங்கா கட்டினா நூறு இடத்துல அது ஒழுங்கா வரும். ஆப் முடிஞ்சப்புறம் பண்ணினா அந்த நூறு இடத்தையும் தேடி திருத்தணும், அப்பதான் செலவு வலிக்கும். "ஒரே வரி ஸ்கிரிப்ட் போட்டா சைட் முழுக்க சரியாயிடும்"னு ஓவர்லே விக்கறவங்க வருவாங்க, வாங்காதீங்க. அப்படி விளம்பரம் பண்ண ஆக்சஸிபி-ங்கற கம்பெனியை அமெரிக்காவோட நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசி 2025ல 10 லட்சம் டாலர் கட்ட வெச்சுது. தானா செக் பண்ற டூல்களை கண்டிப்பா ஓட்டுங்க, ஆனா நூத்துக்கு நூறு வந்துருச்சுன்னு நிறுத்தாதீங்க, படத்துக்கு ஆல்ட் டெக்ஸ்ட் இருக்கான்னு டூல் பாக்கும், அதுல "ஐஎம்ஜி 0423"ன்னு எழுதியிருந்தா டூலுக்கு அது போதும். வெப்எய்ம்னு ஒரு அமைப்பு வருஷாவருஷம் பத்து லட்சம் ஹோம் பேஜை சோதிக்குது, 2025ல 94.8% பக்கத்துல குறை இருந்துச்சு, அதுல முதலிடம் மங்கலான எழுத்துக்கு, அப்புறம் ஆல்ட் இல்லாத படம், லேபிள் இல்லாத பெட்டி. எல்லாமே மதியத்துக்குள்ள திருத்தற ரகம், யாரும் திருத்தலை. இந்தியாவுல 2011 சென்சஸ்படி மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி பேர், அதுக்கப்புறம் வந்த 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகை குறைபாடுகளை பட்டியல்ல சேர்த்துச்சு, வயசானவங்க கணக்கு இதுல தனி. உங்க இன்வெஸ்டர் கேட்டா இந்த கணக்கை சொல்லுங்க.

டெஸ்ட்டிங் இப்படி பண்ணுங்க. டாக்பேக்கை ஆன் பண்ணி, அதோட மெனுவுலயே ஸ்க்ரீனை மறைக்கற ஆப்ஷன் இருக்கு, அதையும் போட்டுட்டு, லாகின்லேர்ந்து ஒரு கிலோ தக்காளி வீட்டுக்கு வர்ற வரைக்கும் ஆர்டர் பண்ணுங்க. டீம்ல எல்லாரும் பண்ணணும், முக்கியமா டிசைனர். எங்க மாட்டிக்கறீங்களோ அதுதான் முதல் பக் லிஸ்ட். ஆனா நம்ம கண்ணை மூடிக்கிட்டு பண்றது வேற, தினமும் அப்படியே வாழறவங்க பண்றது வேற, அதனால அடுத்த கட்டமா அவங்களை கூப்பிடணும். பார்வையற்றோர் சங்கங்கள், காலேஜ்கள்ல இருக்கற மாற்றுத்திறனாளி மாணவர்கள், உங்க தெருவுல இருக்கற பெரியவங்க, இவங்ககிட்ட கேளுங்க. நேரத்துக்கு காசு குடுங்க, ஓசில கேட்காதீங்க, அது அவங்க தொழில் திறமை. அவங்க சொந்த ஃபோன்லயே பண்ணச் சொல்லுங்க, ஏன்னா குரல் வேகம், ஃபான்ட் சைஸ் எல்லாம் அவங்களுக்கு ஏத்த மாதிரி அதுலதான் இருக்கும். பக்கத்துல உக்காந்துட்டு "அந்த மேல இருக்கற பட்டனை அழுத்துங்க சார்"னு வழி சொல்லவே கூடாது, வாயை மூடிட்டு விரல் எங்க தயங்குதுன்னு மட்டும் குறிச்சுக்கோங்க.

அவங்க கண்டுபிடிக்கறதை "பின்னாடி பாத்துக்கலாம்" லிஸ்ட்ல போடாதீங்க. கார்ட்ல சேர்க்க முடியலைன்னா அது பேமெண்ட் ஃபெயில் ஆகறதுக்கு சமமான பக், அதே அவசரத்தோட எடுக்கணும். எல்லா ஸ்க்ரீனையும் ஒரே நேரத்துல தொட முடியாதுன்னா ஹோம் பேஜ் பேனரை விடுங்க, லாகின், தேடறது, கார்ட், பணம் கட்டறது, ஆர்டர் எங்க வருதுன்னு பாக்கறது, இந்த ஒரு பாதையை முதல்ல முழுசா சரி பண்ணிட்டு ரிலீஸ் பண்ணுங்க. பேனர்ல ஓடற ஆஃபர் படங்களை அதுக்கப்புறம் எடுத்துக்கலாம்.